புது பிளேட் செட் இல்லாமலே கிளட்ச் சரியானது: தருமபுரி பென்னாகரம் ரோட்டுப் புல்லட் பட்டறை

இது யாருக்கான விமர்சனம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வலது காலில் கியர், இடது காலில் பிரேக், காஸ்ட் அயர்ன் இன்ஜின், கியர் பாக்ஸ் தனியாக இருக்கும் நாலு கியர் வண்டி, அதாவது பழைய புல்லட் வைத்துக்கொண்டு தருமபுரி, பாலக்கோடு, காவேரிப்பட்டணம், பென்னாகரம் பக்கம் ஓட்டுகிறவர்கள், அதிலும் கிளட்ச்சை முழுசாகப் பிடித்தாலும் வண்டி முன்னால் ஊர்ந்துகொண்டே போகிறதே என்று தவிக்கிறவர்கள், அவர்களுக்குத்தான். புது மாடல் வைத்திருப்பவர்கள் கம்பெனி சர்வீஸுக்கே போங்கள். இந்தப் பட்டறை மெக்கானிக் அதைத் தொடுவதில்லை, தொட்டாலும் மனசில்லாமல்தான் தொடுவார்.

பென்னாகரம் ரோட்டில் தருமபுரி ஊர் எல்லை முடிகிற பக்கம், தகரக் கொட்டகை, வாசலில் எப்போதும் நாலைந்து புல்லட் பல்வேறு நிலையில் பிரிந்து கிடக்கும். போர்டு கிடையாது. ஏன் வைக்கவில்லை என்று கேட்டதற்கு, "இருக்கற வண்டியையே முடிக்க முடியல தம்பி, போர்டு வேறயா" என்றார். அக்கம்பக்கத்தில் புல்லட் மெக்கானிக் என்று கேட்டால் கையைக் காட்டிவிடுவார்கள். அவர், கூட ஒரு பையன், அவ்வளவுதான் ஆள்பலம்.

என் வண்டி எண்பதுகளில் வந்த புல்லட் 350. அப்போதெல்லாம் திருவொற்றியூர் தொழிற்சாலையில் இருந்து வந்துகொண்டிருந்த வண்டி, 1955-இல் என்ஃபீல்டு இந்தியா தொடங்கினதிலிருந்து அடிப்படை அமைப்பில் பெரிய மாற்றம் இல்லாமலே பல பத்தாண்டுகள் ஓடியது. அதனால் ஒரு வசதி: கோளாறு என்ன வந்தாலும் அது ஏற்கெனவே யாருக்கோ வந்த கோளாறாகத்தான் இருக்கும், தெரிந்த ஆள் கையில் விட்டால் தீர்ந்துவிடும். தெரியாத ஆள் கையில் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் என் வண்டியே சாட்சி, அதற்கு வருகிறேன்.

கோளாறு இப்படி. மார்கழிக் காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்து, கிளட்ச் பிடித்து, முதல் கியர் போட்டால் 'கடக்' என்று ஒரு சத்தம், வண்டி ஒரு குதி குதித்து அணைந்துவிடும். இந்தப் பக்கத்தில் அந்த மாதத்தில் காலைக் குளிர் எப்படி இருக்கும் என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள், தமிழ்நாட்டில் குளிர் என்றால் ஊட்டி, கொடைக்கானல் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். சரி, குளிரில் எண்ணெய் இறுகிவிட்டது, சூடானால் சரியாகும் என்று பார்த்தால் சூடான பிறகு வேறு மாதிரி தொல்லை. நாலு ரோடு சிக்னலில் நிற்கும்போது நியூட்ரல் விழாது. எவ்வளவு மிதித்தாலும் முதலுக்கும் இரண்டுக்கும் இடையே தாவிக்கொண்டே இருக்கும், கிளட்ச்சைப் பிடித்தபடியே நின்றால் வண்டி மெல்ல முன்னால் நகரும், முன்னால் நிற்கிற டவுன் பஸ் பம்பரை முட்டாமல் இருக்க முன் பிரேக்கையும் பிடித்துக்கொண்டே நிற்கவேண்டும், அதற்குள் இன்ஜின் திணறி அணையும், பின்னால் ஹாரன். பழைய புல்லட்டில் நியூட்ரல் தேட கியர் லீவருக்குப் பின்னால் குதிகாலால் அமுக்க ஒரு சின்ன லீவர் தனியாகவே கொடுத்திருப்பார்கள், இரண்டு, மூன்று, நாலு எதில் இருந்தாலும் ஒரே மிதியில் நியூட்ரல். கிளட்ச் சரியாகப் பிரியாதபோது வண்டி நின்றபிறகு அதுவும் இறுகிக்கொள்ளும், ஓட்டத்தில் இருக்கும்போதே இரண்டாவதில் வைத்து அதை மிதித்துவிட்டு உருண்டு வந்து நிற்பதுதான் வழி என்று ஆகிவிட்டது. தொப்பூர் கணவாயில் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்கிற நாளில் இந்த வண்டியோடு மாட்டிக்கொண்டால் இடது கை மணிக்கட்டு இரண்டு நாளைக்கு வலிக்கும்.

இதற்கு முன் வேறொரு கடையில் காட்டினேன். பெயர் வேண்டாம், ஊரும் வேண்டாம். போனதும் வண்டியை ஓட்டிக்கூடப் பார்க்காமல் "கிளட்ச் பிளேட் போயிடுச்சு" என்றார்கள். புது பிளேட் செட், கூடவே 'ஹெவி' ஸ்பிரிங் என்று ஏதோ போட்டார்கள், எண்ணெய் மாற்றினார்கள், நல்ல தொகைக்கு ஒரு பில். கொஞ்ச தூரம் ஓட்டியதுமே அதே கதை. முன்னைக்கு இப்போது கிளட்ச் லீவர் இரும்பாக இறுகியும் விட்டது. திரும்பப் போய்க் கேட்டால் "புது பிளேட், செட் ஆகட்டும் சார், ஓட ஓட சரியாயிடும்" என்றார்கள். ஓட ஓட ஒன்றும் சரியாகவில்லை.

பென்னாகரம் ரோட்டுப் பட்டறைக்கு வந்ததும் எனக்குப் பிடித்த முதல் விஷயம், அவர் ஸ்பேனரை எடுக்கவில்லை. "வண்டிய சென்டர் ஸ்டாண்டு போடுங்க, இக்னிஷன் ஆஃப் பண்ணுங்க" என்றார். நியூட்ரலில் வைத்து, இடது கையால் கிளட்ச்சை முழுசாக அழுத்திப் பிடித்துக்கொண்டு, கிக்கரை நிதானமாக மிதித்தார். கிக்கர் கனமாக, கம்ப்ரஷனோடு இறங்கியது. "பாருங்க, இன்ஜின் சுத்துது. சுத்தக்கூடாது" என்றார்.

இதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், வீட்டிலேயே யாரும் செய்து பார்க்கலாம், காசு செலவில்லை. இந்த புல்லட்டில் கிக்கர் நேராக இன்ஜினோடு இணைந்திருக்காது. கியர் பாக்ஸின் மெயின் ஷாஃப்ட்டைச் சுற்றும், அங்கிருந்து கிளட்ச் வழியாக, பிரைமரி செயின் வழியாகத்தான் இன்ஜினுக்குப் போகும். அப்படியானால் கிளட்ச்சைப் பிடித்துக்கொண்டு மிதித்தால் கிக்கர் வெறுமனே லேசாக இறங்கவேண்டும், இன்ஜின் அசையக்கூடாது. அசைந்தால் உள்ளே பிளேட்டுகள் பிரியவில்லை, ஈரம் பட்ட அப்பளக் கட்டு மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்று அர்த்தம். இதையே தலைகீழாகவும் பார்க்கலாம்: கிளட்ச்சை விட்டுவிட்டு மிதிக்கும்போது கம்ப்ரஷனே இல்லாமல் கிக்கர் வழுக்கி இறங்கினால் பெரும்பாலும் கிளட்ச் ஸ்லிப் ஆகிறது. அதுதான் பிளேட் தேய்மானத்தின் அறிகுறி. ஒட்டுவதும் வழுக்குவதும் எதிரெதிர் நோய், மருந்தும் வேறு வேறு. என் முந்தைய கடைக்காரர்கள் வழுக்கலுக்கான மருந்தை ஒட்டலுக்குக் கொடுத்திருக்கிறார்கள். கிளட்ச் என்ற சொல்லைக் கேட்டாலே பிளேட் என்று கை நீளுகிற கடைகள் நம் பக்கம் நிறைய, ஏனென்றால் பிளேட் விற்றால் காசு, கேபிளுக்கு எண்ணெய் விட்டால் என்ன காசு.

அப்புறம் அவர் போன வழி வெளியிலிருந்து உள்ளே. ஹேண்டில் பாரில் கிளட்ச் லீவரைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினார், அது தொளதொளவென்று ஆடியது. லீவரைத் தாங்கும் போல்ட்டின் ஓட்டை தேய்ந்து முட்டை வடிவத்துக்கு வந்துவிட்டது. இதனால் என்ன ஆகிறது என்றால், நாம் லீவரை இழுக்கும் தூரத்தில் ஒரு பங்கு அந்த ஓட்டையிலேயே வீணாகிறது, கேபிள் இழுபடும் தூரம் குறைகிறது. கேபிளைக் கழற்றி ஒரு முனையைப் பிடித்துத் தொங்கவிட்டு உள் ஒயரை இழுத்துப் பார்த்தார், சொரசொரவென்று தடுக்கியது, கியர் பாக்ஸ் பக்கத்து முனையில் நாலைந்து இழை அறுந்து முள்ளாக நின்றது. வெளி உறை ஒரு வளைவில் நசுங்கியும் இருந்தது. அந்த 'ஹெவி' ஸ்பிரிங் போட்ட பிறகு லீவரை இழுக்க அதிக பலம் வேண்டியிருக்கிறது, அந்தப் பலத்தில் நசுங்கிய உறை இன்னும் சுருங்குகிறது, இழுப்பு அங்கேயே தீர்ந்துபோகிறது, பிளேட்டுகளை அமுக்கிப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டைத் தள்ள மிச்சமிருப்பது கொஞ்சம்தான். ஸ்பிரிங்கை இறுக்கினால் கிளட்ச் நன்றாக இருக்கும் என்ற நம்பிக்கை நம் ஊர்ப் பட்டறைகளில் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை.

புது லீவர், புது கேபிள் போட்டு, ரூட்டை மாற்றி, டேங்குக்கு அடியில் திருகிக்கொள்ளாமல் விட்டார். கியர் பாக்ஸின் வலது மூடியில் உள்ள சின்ன மூடியைத் திறந்து கிளட்ச்சைத் தள்ளிப் பிரிக்கும் கம்பியான புஷ் ராடு பக்கத்து ஸ்க்ரூவை முதலில் சரிசெய்து லாக் நட்டைப் பூட்டினார், அதற்குப் பிறகுதான் கேபிள் அட்ஜஸ்டரைத் தொட்டார். இந்த வரிசை முக்கியம் என்று பையனிடம் சொல்லிக்கொண்டே செய்தார். கேபிள் அட்ஜஸ்டரை மட்டும் திருகிக்கொண்டே போனால், உள்ளே கேபிள் இழுக்கிற சின்ன லீவர் சரியான கோணத்தை விட்டு விலகிவிடும், இழுப்பின் பலன் குறையும். லீவர் முனையில் கொஞ்சம் தளர்வு, இரண்டு மூன்று மில்லிமீட்டர் வைத்தார். சுத்தமாகத் தளர்வே இல்லாமல் வைத்தாலும் ஆபத்துதான், ராடு எப்போதும் அழுத்திக்கொண்டே இருந்து முனை சூடேறி நீலம் பாய்ந்து தேய்ந்துவிடும், கிளட்ச்சும் வழுக்க ஆரம்பிக்கும்.

இவ்வளவுக்குப் பிறகு மறுபடி கிக் சோதனை. முன்னைவிட லேசு, ஆனால் இன்னும் இன்ஜின் அசைந்தது. நானாக இருந்தால் போதும் என்று வாங்கிக்கொண்டு போயிருப்பேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, "எண்ணெய் என்னா ஊத்தியிருக்காங்க?" என்றார். பில்லைக் காட்டினேன், அதில் வெறும் 'ஆயில்' என்றுதான் இருந்தது.

பிரைமரி கேஸை, அதாவது கிளட்ச்சும் பிரைமரி செயினும் இருக்கும் அறையை, வடித்ததும் வந்தது கெட்டியான கியர் ஆயில், 90 நம்பர். விரலில் தொட்டு எனக்கும் காட்டினார், நூலாக இழுத்தது. கியர் பாக்ஸுக்கு ஊற்றவேண்டியதைக் கிளட்ச் இருக்கும் இடத்தில் ஊற்றியிருக்கிறார்கள். புல்லட்டில் இன்ஜினுக்குத் தனி எண்ணெய், கியர் பாக்ஸுக்குத் தனி, பிரைமரி செயின் கேஸுக்குத் தனி, மூன்றும் தனித்தனி அறை. இப்போதைய வண்டிகளில் எல்லாம் ஒரே எண்ணெயில் ஓடுவதால் புதிதாகத் தொழிலுக்கு வந்த பையன்களுக்கு இது குழப்பம்தான், அதை மன்னிக்கலாம், ஆனால் பில்லில் கிரேடைக்கூட எழுதாததை எப்படி மன்னிப்பது? கெட்டி எண்ணெய் பிளேட்டுகளுக்கு நடுவே பிசினாக நிற்கும், பிரஷர் பிளேட் விலகினாலும் பிளேட்டுகள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே சுற்றும். அந்தக் கடைக்குப் போய் வந்த பிறகும் காலைக் 'கடக்' சத்தம் போகாததற்கு முக்கால்வாசிக் காரணம் இதுதான்.

அவர் ஊற்றியது 20டபிள்யூ-50 மோட்டார்சைக்கிள் இன்ஜின் ஆயில். கேனைத் திருப்பி 'ஜாசோ எம்.ஏ.' என்று அச்சிட்டிருப்பதைக் காட்டினார். எண்ணெயில் மூழ்கி ஓடும் கிளட்ச்சுக்கு ஏற்றது என்ற ஜப்பானிய முத்திரை அது. 'எம்.பி.' என்று இருந்தால் அது வழுக்கல் அதிகமான எண்ணெய், எண்ணெயில் கிளட்ச் இல்லாத ஸ்கூட்டர்களுக்கானது. வீட்டில் காருக்கு வாங்கிய எண்ணெய் மிச்சம் இருக்கிறதே என்று ஊற்றுகிறவர்கள் கவனிக்க: பல கார் எண்ணெய்களில் உராய்வைக் குறைக்கும் சேர்மானம் இருக்கும், அதை இங்கே ஊற்றினால் ஒட்டல் போய் வழுக்கல் வந்து சேரும். ஏ.டி.எஃப்., அதாவது ஆட்டோமேட்டிக் கியர் வண்டிகளுக்கான மெல்லிய எண்ணெய், ஊற்றலாமா என்று கேட்டேன், புல்லட் ஓட்டுகிறவர்களில் நிறைய பேர் அதைச் சொல்கிறார்களே என்று. "ஊத்தலாம், லேசா இருக்கும், பிளேட் சீக்கிரம் பிரியும். ஆனா உங்க கேஸுல லீக் இருக்கு, அது நிக்காது, ரோட்ல கோடு போட்டுக்கிட்டே போவும்" என்றார். நியாயம். அளவு விஷயத்திலும் ஒரு வார்த்தை, கேஸில் லெவல் ஸ்க்ரூ இருக்கிறது, அதைக் கழற்றிவிட்டு ஊற்றி, அந்த வழியாக வழிய ஆரம்பித்ததும் நிறுத்தவேண்டும். கூடுதலாக ஊற்றினால் பாதுகாப்பு என்று நினைத்து ஊற்றினால் அதுவும் இழுக்கும்.

எண்ணெய் வடித்த கையோடு கேஸையும் திறந்துவிட்டார். ஃபுட் ரெஸ்ட்டைக் கழற்றி, நடுவில் இருக்கும் ஒரே ஒரு நட்டைத் திருகினால் மொத்த மூடியும் கையோடு வரும். பழைய புல்லட்டில் எனக்கு மிகவும் பிடித்த வடிவமைப்பும் இதுதான், மிகவும் எரிச்சல் தருவதும் இதுதான். ஒரே நட்டு என்பதால் லீக் நிற்க வேண்டும் என்று ஆளாளுக்கு இறுக்கி இறுக்கி மூடியே வளைந்துவிடும், வளைந்தால் இன்னும் லீக் ஆகும், உடனே இன்னும் இறுக்குவார்கள்.

இங்கேதான் ஆள் கில்லாடி என்று தெரிந்தது. மூடி திறந்த நிலையில் என்னைக் கிளட்ச்சை இழுக்கச் சொன்னார், அவர் தரையில் உட்கார்ந்து பிரஷர் பிளேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிரஷர் பிளேட் நேராக வெளியே வரவேண்டும். என் வண்டியில் மேல்பக்கம் முதலில் வந்தது, கீழ்ப்பக்கம் பின்தங்கியது. ஒரு பக்கம் பிரிந்து ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டிருந்தால் அது இழுக்கத்தானே செய்யும். ஸ்பிரிங்குகளைக் கழற்றி வரிசையாக நிற்கவைத்தால் கண்ணுக்கே வித்தியாசம் தெரிந்தது, இருந்தாலும் வெர்னியர் வைத்து அளந்து காட்டினார். பழைய ஸ்பிரிங் சிலது, 'ஹெவி' ஸ்பிரிங் சிலது, கலந்து போட்டிருக்கிறார்கள். முழு செட் காசு வாங்கிவிட்டுப் பாதி செட் போட்டார்களா, அல்லது கையில் வந்ததை எடுத்துப் போட்டார்களா, அது அவர்களுக்கே வெளிச்சம்.

பிளேட்டுகளை வெளியே எடுத்தார். உராய்ந்து பிடிக்கிற ஃபிரிக்ஷன் பிளேட்டுகளைப் பெட்ரோலில் கழுவித் துடைத்து வெயிலில் பார்த்தார். "இது நல்லாத்தான் இருக்கு, புதுசு. இதையே போட்டுக்கலாம்" என்றார். இந்த ஒரு வரிக்காகவே இந்த விமர்சனத்தை எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். திறந்து கிடக்கிற வண்டி, எதுவும் தெரியாமல் பக்கத்தில் நிற்கிற வாடிக்கையாளர், இன்னொரு செட் தலையில் கட்ட இதைவிட வசதியான நேரம் கிடைக்காது.

ஸ்டீல் பிளேட்டுகளை ஒவ்வொன்றாக ஒரு தடித்த கண்ணாடித் துண்டின்மேல் வைத்து ஓரத்தில் இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் விட்டுப் பார்த்தார். ஒன்றில் மட்டும் தகடு சுலபமாக உள்ளே நுழைந்தது. சூட்டில் வளைந்த பிளேட் அது, கிளட்ச்சைப் பிடித்தபடியே நீண்ட நேரம் நின்றால் இப்படி ஆகும். அதை மட்டும் மாற்றினார். பிறகு கிளட்ச் டிரம். ஃபிரிக்ஷன் பிளேட்டின் காதுகள் உட்காரும் காடிகளில் விரலை வைத்துத் தடவச் சொன்னார், ஒவ்வொரு காடியின் ஓரத்திலும் பிளேட் அடித்து அடித்துச் சின்னச் சின்னப் பள்ளம் விழுந்திருந்தது. பிளேட் பக்கவாட்டில் வழுக்கி நகரவேண்டிய இடம் இது, பள்ளத்தில் காது மாட்டிக்கொண்டால் ஸ்பிரிங் விட்டாலும் பிளேட் நகராது. புது பிளேட் போட்டாலும் அதே பள்ளத்தில் போய்த்தான் மாட்டும், முந்தைய கடையில் புது செட் போட்டும் சரியாகாததற்கு இதுவும் ஒரு காரணம். தட்டை அரம் எடுத்து, அதிகம் தின்னாமல், எல்லாக் காடியையும் ஒரே அளவுக்கு நிதானமாக ராவினார். இதற்குத்தான் அதிக நேரம் ஆனது. நடுவில் டீ வந்தது, போன் வந்தது, ஒருவர் சைலன்சர் சத்தம் போதவில்லை என்று வந்து திட்டு வாங்கிக்கொண்டு போனார், அரம் மட்டும் ஒரே வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. பள்ளம் ரொம்ப ஆழமாக இருந்தால் ராவக்கூடாது, டிரம்மையே மாற்றவேண்டும் என்றும் சொன்னார். என்னுடையது பிழைத்தது.

புஷ் ராடை உருவிக் கண்ணாடியில் உருட்டிப் பார்த்தார், நேராக இருந்தது. பிரைமரி செயின் தளர்வு கால் அங்குலத்துக்குக் கொண்டுவந்தார், அது முன்பு கிண்ணென்று இறுகியிருந்தது. ஸ்பிரிங் மட்டும் கடையில் இல்லை. பெங்களூரு ஜே.சி. ரோட்டிலிருந்து வரவேண்டும் என்றார், அதற்காக வண்டி அங்கேயே கிடந்தது. அளவு பார்த்துச் சாதாரண ஸ்பிரிங் செட்டையே வரவழைத்துப் போட்டார், 'ஹெவி' எல்லாம் வேண்டாம் என்றார், அந்த ஸ்பிரிங்குகளை ஒரு கவரில் போட்டு என்னிடமே கொடுத்துவிட்டார்.

இப்போது வண்டி எப்படி என்றால், கிளட்ச் பிடித்துக்கொண்டு கிக்கரை மிதித்தால் கிக்கர் சும்மா இறங்குகிறது. முதல் கியர் சின்ன 'டக்'கோடு விழுகிறது, அந்த 'டக்' இந்தக் கியர் பாக்ஸின் குணம், அது போகாது, போகவேண்டும் என்று யாரும் அடம்பிடிக்கவேண்டாம். நாலு ரோட்டில் நின்றபடியே நியூட்ரல் விழுகிறது. லீவரை இரண்டு விரலில் இழுக்க முடிகிறது என்று சொன்னால் பொய், மூன்று விரல் வேண்டும். ஒகேனக்கல் வரைக்கும் ஓட்டிப் பார்த்தேன், தருமபுரியிலிருந்து 46 கிலோமீட்டர், பென்னாகரம் தாண்டியதும் இறக்கத்தில் வளைவுகள், ஏறி வரும்போது முதலுக்கும் இரண்டுக்கும் மாற்றி மாற்றி வேலை கொடுக்கும் ரோடு, ஞாயிற்றுக்கிழமை என்றால் டூரிஸ்ட் வேன் கூட்டம் வேறு. சூடான பிறகும் ஊர்தல் இல்லை. பிரைமரி கேஸ் லீக் முழுசாக நிற்கவில்லை, இரவில் நிறுத்தினால் காலையில் இரண்டு சொட்டு. மூடி வளைந்திருக்கிறது, நல்ல பழைய மூடி சென்னை புதுப்பேட்டையில் கிடைத்தால் வாங்கி வாருங்கள் என்று முன்பே சொல்லிவிட்டார், அதனால் அதைக் குறையாகச் சொல்லமாட்டேன்.

குறைகள் இல்லாமல் இல்லை. சொன்ன நாளில் வண்டி கிடைக்காது, அதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். போன் எடுக்கமாட்டார், பையன் எடுத்தால் "அண்ணன் வெளிய போயிருக்காரு" என்பான், நேரில் போனால் அண்ணன் உள்ளேயே வண்டிக்கு அடியில் இருப்பார். வண்டியைத் துடைத்துக் கொடுக்கிற பழக்கம் கிடையாது, டேங்க்மேல் கிரீஸ் கைத்தடத்தோடுதான் வாங்கி வந்தேன். அச்சடித்த பில் இல்லை, சிகரெட் அட்டையின் பின்பக்கம் எழுதித் தருகிறார், இருந்தாலும் எந்தப் பார்ட், என்ன எண்ணெய், என்ன விலை என்று அதில் எல்லாம் இருக்கிறது, மாற்றின பழைய சாமான் எல்லாம் கையில் வந்துவிடும். எலக்ட்ரிக்கல் வேலை அவருக்கு ஒத்துவராது, ஒயரிங் கோளாறு என்றால் வேறு ஆளைக் கைகாட்டுகிறார், அதுவும் ஒரு நேர்மைதான். பெண்கள் வண்டி விட வந்தால் உட்கார இடம்கூட இல்லை என்பதையும் சொல்லவேண்டும், என் அக்கா ஒருமுறை என்னோடு வந்து ரோட்டோரத்தில் வெயிலில் நின்றுகொண்டிருந்தார்.

செலவு: கூலி, லீவர், கேபிள், ஒரு ஸ்டீல் பிளேட், ஸ்பிரிங் செட், எண்ணெய் எல்லாம் சேர்த்து, முந்தைய கடையில் கொடுத்ததில் பாதிக்கும் கொஞ்சம் மேலே. கூலி மட்டும் பார்த்தால் மலிவு என்று சொல்லமாட்டேன், அரம் பிடித்த நேரத்துக்கு அவர் கணக்கு போடுகிறார், போடட்டும்.

வண்டியைக் கொடுக்கும்போது அவர் சொன்ன சில விஷயங்கள் மற்றவர்களுக்கும் உதவும். வண்டி ஒரு வாரம் பத்து நாள் நின்றுவிட்டால், ஸ்டார்ட் செய்வதற்கு முன் இக்னிஷன் ஆஃபில் கிளட்ச்சைப் பிடித்துக்கொண்டு கிக்கரை மிதித்து பிளேட்டைப் பிரித்துவிட வேண்டும், கிக்கர் லேசாகும் வரைக்கும். மழைக்காலத்தில் மாதக்கணக்கில் நிறுத்திவைப்பவர்கள் கிளட்ச் லீவரை ஹேண்டில் பாரோடு சேர்த்து ஒரு ரப்பரால் கட்டி வைக்கலாம், பிளேட் பிரிந்தே நிற்கும், தினமும் ஓட்டுகிற வண்டிக்கு இது தேவையில்லை. பிளேட் ஒட்டிக்கொண்ட வண்டியை ஸ்டார்ட் செய்து, தள்ளிக்கொண்டே முதல் கியர் போட்டு, கிளட்ச்சைப் பிடித்தபடி ஆக்ஸிலேட்டர் கொடுத்துக் குலுக்கிப் பிரிக்கிற வித்தை ஒன்று நம் பக்கம் உண்டு, பிரிந்தால் சரி, பிரியாவிட்டால் எதிரே சுவரோ பஸ்ஸோ இருக்கும், அதை அவர் சுத்தமாக வேண்டாம் என்கிறார். சிக்னலில் நின்றால் முதல் கியரில் கிளட்ச்சைப் பிடித்துக்கொண்டே நிற்காமல் நியூட்ரலுக்கு வந்துவிடுங்கள். கேபிளுக்கு மாதம் ஒருமுறை மேல்முனையில் எண்ணெய் சொட்டவிடுங்கள்.

போகிறவர்கள் காலை பத்து மணிக்குமேல் போங்கள், அதற்கு முன் ஷட்டர் திறந்திருந்தாலும் அவர் டீக்கடையில் இருப்பார். வெள்ளிக்கிழமை மதியம் கடை மூடியிருக்கும். பிரைமரி கேஸ் ரப்பர் சீல் ஒன்றை முன்கூட்டியே வாங்கி எடுத்துக்கொண்டு போனால் ஒரு நாள் மிச்சமாகும், அவரிடம் பெரும்பாலும் ஸ்டாக் இருப்பதில்லை. வேறு கடையில் என்ன எண்ணெய் ஊற்றினார்கள் என்று தெரிந்தால் அதையும் கேட்டுக்கொண்டு போங்கள், முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும்.